வென்றவர் நட்ட கல்



பூநகரிக் கரையில் நின்று வடமேற்கே பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை கடல்தான். அந்தக் கடலின் மறுகரையில், தஞ்சாவூர் மாவட்டத்து மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், சரபேந்திரராசன்பட்டினம் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே கரையோரத்தில் மனோரா என்ற கோபுரம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. ஆறு பட்டை, எட்டு அடுக்கு, ஏறத்தாழ 75 அடி உயரம். மேலே போகப் போக ஒடுங்கும் அடுக்குகள், வளைவு வைத்த சன்னல்கள், உள்ளே சுழன்று ஏறும் படிகள், சுற்றிவரக் கோட்டை மதிலும் அகழியும். கடலில் போகும் எவர் கண்ணுக்கும் தப்பாத உயரம்.

இந்த இதழைப் போர் நினைவுச் சின்னங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். உடையார்கட்டிலிருந்து வரும் இதழ் தஞ்சாவூர்க் கரையில் போய் ஏன் தொடங்குகிறது என்று கேட்பீர்கள். அந்தக் கோபுரத்துக்கும் நம்முடைய முல்லைத்தீவுக் காட்டுக்கும் ஒரே போரில்தான் உறவு. நான் பள்ளியில் படித்த காலத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. உங்களிலும் பலருக்கு இது புதிதாக இருக்கும் என்று நம்பித்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

மனோராவைக் கட்டியவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. நெப்போலியன் வீழ்ந்ததையும் ஆங்கிலேயர் வென்றதையும் கொண்டாடக் கட்டினார். தமிழ், மராத்தி, ஆங்கிலம் உள்ளிட்ட ஐந்து மொழிகளில் அங்கே கல்வெட்டு வைத்தார். அதிலுள்ள ஆண்டு 1814. பயணக் கையேடுகள் பலவற்றில் இதை வாட்டர்லூ வெற்றியின் சின்னம் என்று எழுதியிருக்கிறார்கள். வாட்டர்லூப் போர் நடந்தது 1815 ஜூன் 18 இல். 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடி துறந்து எல்பாத் தீவுக்குப் போனான். அடுத்த ஆண்டு மார்ச்சில் அங்கிருந்து தப்பித் திரும்பவும் பிரான்சில் இறங்கினான். கல்வெட்டின் ஆண்டை வைத்துப் பார்த்தால், இன்னும் முடியாத ஒரு போரின் முடிவைத்தான் மனோரா கொண்டாடியிருக்கிறது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்மரக் கப்பலில் சேதி வர மாதக்கணக்கு ஆன காலம் அது. வந்த சேதியை நம்பிக் கோபுரம் எழுப்பினார்கள்.

அதைக் கட்டிய நேரத்தில் சரபோஜியின் கையில் நாடு இல்லை. 1798 இல் முடி சூடினார். மறு ஆண்டே கிழக்கிந்தியக் கும்பினியோடு உடன்படிக்கை. தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினிக்குப் போயிற்று. கோட்டையும் ஆண்டுதோறும் ஒரு தொகையும் அவருக்கு மிஞ்சின. நாட்டை எடுத்துக்கொண்டவர்களின் வெற்றிக்குத்தான் அவர் கோபுரம் கட்டினார். இதைச் சொல்லும்போது அவரை எள்ளி எழுத எனக்கு மனம் வரவில்லை. சரஸ்வதி மகால் நூலகத்தை அந்த அளவுக்கு வளர்த்தவர் அவர். வைத்தியச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தவர், அச்சுக்கூடம் வைத்தவர், கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையைப் படம் வரைந்து பதியச் செய்தவர். ஆட்சி போன பிறகு அறிவைச் சேர்த்து வைத்த மனிதர். அப்படிப்பட்டவரும் வென்றவர் பக்கம் தன் பெயர் கல்லில் நிற்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நினைவுச் சின்னம் என்றாலே எனக்கு முதலில் வரும் கேள்வி இதுதான்: கட்டச் சொன்னவர் யார், அவர் யாருக்குக் காட்டக் கட்டினார்?

இனி நம் கரைக்கு வருவோம்.

நெப்போலியனுக்கும் வன்னிக்கும் என்ன சம்பந்தம்? பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் 1795 இல் ஒல்லாந்து நாட்டுக்குள் புகுந்தன. ஒல்லாந்தர் பிரான்சின் பக்கம் போனால் அவர்களின் துறைமுகங்களும் பிரான்சின் கைக்குப் போய்விடும் என்று ஆங்கிலேயர் பயந்தார்கள். அந்தப் பயத்தில், ஒல்லாந்தரிடமிருந்த இலங்கைக் கரையைப் பிடிக்கப் புறப்பட்டார்கள். ஓகஸ்டில் திருகோணமலை, செப்டெம்பரில் யாழ்ப்பாணம், ஒக்டோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு, 1796 பெப்ரவரியில் கொழும்பு. 1802 இல் ஆமியன் நகரில் சமாதான உடன்படிக்கை எழுதியபோது பிரான்சின் முதல் கொன்சலாக நெப்போலியன் இருந்தான். இலங்கையின் கரையோரம் ஆங்கிலேயருக்கே என்று முடிவானது அந்த உடன்படிக்கையில்தான். மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவருக்காவது வன்னி எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்குமா? இங்கே குளம் கட்டி, வயல் விதைத்து, யானைக்குக் காவல் பரண் போட்டு இருந்த சனங்களுக்கும் அந்த மேசையைப் பற்றித் தெரியாது. ஆனாலும் வரி கேட்டு வந்த கை மாறிவிட்டது.

அந்தக் கைக்கு அடங்க மறுத்தவன் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன். 1803 ஜூனில் கண்டியில் ஆங்கிலேயப் படை அழிந்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஓகஸ்ட் 25 அன்று, கண்டியின் உதவியோடு அவன் முல்லைத்தீவைத் தாக்கினான். அங்கிருந்த படைக்குப் பொறுப்பாளன் கப்டன் வொன் ட்றிபேர்க். அவன் மிஞ்சிய ஆட்களோடு தோணியேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போனான். பீரங்கிகளும் வன்னியன் கையில் சிக்கின. சில வாரங்களுக்கு வன்னியின் பெரும் பகுதி அவன் சொல்லுக்கு அடங்கி இருந்தது.

யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கமிருந்தும் படை வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த படைக்குத் தலைமை தாங்கியவன் முல்லைத்தீவை விட்டு ஓடிய அதே ட்றிபேர்க். இரவோடிரவாக நடந்து, ஒக்டோபர் 31 விடியற்காலையில், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் வன்னியனின் ஆட்களைத் தூக்கத்தில் வளைத்தான். பண்டாரவன்னியன் தோற்றான். அங்கே ஒரு கல்லை நாட்டினார்கள். இந்த இடத்தின் அருகில் இன்ன கப்டன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான், நாள் இது என்று ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி. கல்லில் எழுத்து அவ்வளவுதான். ஏன் போர் வந்தது, எத்தனை பேர் செத்தார்கள், அவர்கள் எந்த ஊர்ப் பிள்ளைகள் என்ற எதுவும் அதில் இருக்கவில்லை.

மனோராவுக்கும் இந்தக் கல்லுக்கும் உருவத்தில் ஒப்பே கிடையாது. அது கடலிலிருந்து தெரியும் கோபுரம். இது தெரு ஓரத்துப் பற்றைக்குள் ஆள் குனிந்து பார்க்க வேண்டியிருந்த கல். இரண்டும் கொண்டாடியது ஒரே தரப்பின் வெற்றி. இரண்டும் சொல்ல வந்த சேதியும் ஒன்று. நாம் வென்றோம், இந்தப் பக்கம் போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

கற்சிலைமடுவில் நடந்ததைப் பாருங்கள். வெள்ளையன் தன் கப்டனின் புகழுக்காக வைத்த கல்லைச் சனங்கள் பண்டாரவன்னியனின் கல்லாக்கிவிட்டார்கள். ட்றிபேர்க் யாரென்று இன்று தேடித்தான் அறிய வேண்டும். பண்டாரவன்னியனை வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முல்லைத்தீவு மண்ணின் எழுத்தாளர் முல்லைமணி அவனை நாடகமாக்கினார். ஊர் ஊராக மேடையேறிய கதை அது. கடல் கடந்தும் போயிற்று: பழைய தஞ்சை மாவட்டத்துத் திருக்குவளையில் பிறந்த கலைஞர் கருணாநிதி அவனையே நாயகனாக்கி நாவல் எழுதினார். 1982 இல் இலங்கை அரசே அவனைத் தேசிய வீரனாக அறிவித்தது. வவுனியா மாவட்டச் செயலகத்தின் முன்னால் சிலையாகவும் நிற்கிறான். தோல்வியைச் சொல்ல வைத்த அந்தக் கல்லில் அவன் பெயரும் நாளும் இருந்தன. சனங்கள் பிடித்துக்கொள்ள அவை போதுமாயிருந்தன.

ஒரு விடயத்தில் மட்டும் நாம் கவனமாக இருக்க வேண்டும். அன்றைக்கே, அந்த இடத்திலேயே அவன் வீரச்சாவு அடைந்தான் என்றுதான் நம்மில் பலர் பாடசாலையிலும் மேடையிலும் கேட்டோம். கல்லோ தோற்கடித்தான் என்று மட்டும் சொன்னது. அவன் தப்பிக் கண்டி எல்லைக்குப் போனதையும், பிறகும் பல ஆண்டுகள் தொல்லை கொடுத்ததையும் வெள்ளையரின் பதிவுகளே காட்டுகின்றன. அவன் இறந்தது 1811 இல் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. இதனால் அவன் புகழ் குறையாது. என்னைக் கேட்டால் கூடும். ஒரு விடியலில் தோற்று முடிந்துபோனவனைவிட, தோற்ற பிறகும் எட்டு ஆண்டு அடங்காமல் இருந்தவன் பெரியவன். கதையின் சுவைக்காக அந்த எட்டு ஆண்டை அவனிடமிருந்து நாம் பறித்துவிடக் கூடாது. நம் பிள்ளைகளுக்கு உள்ளதைச் சொல்வோம்.

காலத்தின் கணக்கு சில வேளை நெஞ்சைத் தைக்கும். நெப்போலியன் எல்பாவிலிருந்து தப்பிப் பிரான்சுக் கரையில் காலடி வைத்த நாள் 1815 மார்ச் 1. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் கைமாறிய உடன்படிக்கை மார்ச் 2. கண்டியின் துணையோடு முல்லைத்தீவுக்குப் போனவன் அப்போது உயிரோடு இல்லை. மனோராவின் கல்வெட்டுக்கு ஒரு வயது.

நம் காலத்து உள்நாட்டுப் போர் முடிந்த பின் கற்சிலைமடுவின் நினைவுக்கல் உடைபட்டது. அந்தச் செய்தி வந்தபோது முதியவர்கள் பட்ட வேதனையை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளையன் வைத்த கல்தானே என்று ஒருவரும் சொல்லவில்லை. சொந்த வீட்டுச் சுவர் விழுந்த மாதிரி இருந்தார்கள். ஆண்டுதோறும் வந்து பூ வைத்து விளக்கேற்றிய சனங்களுக்கு அது எப்போதோ சொந்தமாகிவிட்டது.

மறுகரையில் மனோராவும் கட்டியவர் நினைத்தபடி இருக்கவில்லை. கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டவும் அரச குடும்பம் வந்து தங்கவும் அது பயன்பட்டது என்பார்கள். 2004 டிசம்பர் 26 இல் முல்லைத்தீவை அடித்துக்கொண்டு போன அதே சுனாமி அந்தக் கட்டடத்தையும் காயப்படுத்தியது. பிறகு பழுது பார்த்தார்கள். 2022 இல் தமிழ்நாடு அரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் கடலைக் கடற்பசுக்களுக்கான காப்பகமாக அறிவித்தது. மனோராவின் கரையும் அந்தப் பக்கம்தான். கடல் தாழைப் படுகையில் மேயும் அந்த வாயில்லாச் சீவன் இரண்டு கரைக்கும் பொது. நெப்போலியன் வீழ்ந்ததற்காகக் கட்டிய கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள் இனிக் கடற்பசுவைப் பற்றியும் கேட்டுப் போவார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோசம்.

நம் நாட்களின் சின்னங்களுக்கு வருகிறேன். இதை எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் நாங்கள் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

ஏ-9 வீதியால் கிளிநொச்சிக்குள் வருகிறவர்கள், எறிகணை துளைத்து வெடித்த பெரிய கொங்கிறீட் கட்டியையும் அதன் உச்சியில் தாமரையையும் காண்பார்கள். புதுக்குடியிருப்பில் நீருக்கு நடுவே துவக்கும் கொடியும் ஏந்திய சிப்பாய். ஆனையிறவில் நாட்டின் வரைபடத்தைத் தாங்கிய கைகள். எல்லாம் வென்றவர்கள் எழுப்பியவை. போர் முடிந்த புதிதில், கிளிநொச்சியில் சரிந்து கிடந்த தண்ணீர்த்தாங்கியைப் பார்க்கத் தெற்கிலிருந்து பஸ் பஸ்சாக ஆட்கள் வந்தார்கள். பக்கத்தில் நினைவுப் பொருள் விற்கும் கடையும் திறந்திருந்தது. அந்தத் தாங்கியில் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் அப்போது முகாம்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் இருந்தார்கள்.

தோற்ற பக்கத்தில் செத்தவர்களுக்கு, எந்தப் பக்கமும் சேராமல் செத்த குழந்தைகளுக்கு, கல் வைப்பது இலேசான காரியமாக இருக்கவில்லை. 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அது மீண்டும் எழுந்தது. கல் வைக்க முடியாத ஆண்டுகளில் சனங்கள் கஞ்சி காய்ச்சினார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும். முள்ளிவாய்க்காலில் போரின் கடைசி நாட்களில் உயிரைப் பிடித்து வைத்த கஞ்சி. மே மாதத்தில் தெருவோரத்தில் கிடாரம் வைத்து, போவோர் வருவோரை மறித்து, சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பால் இல்லை, பயறு இல்லை. சின்னப் பிள்ளைகள் ஒரு வாய் குடித்துவிட்டு ஏனம்மா இப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அம்மா அந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்குவாள். நான் பார்த்த நினைவுச் சின்னங்களில் இதற்கு மேலான ஒன்று இல்லை.

நம் உடையார்கட்டைப் பாருங்கள். 2009 ஜனவரியில் அரசாங்கம் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த நிலத்தில் நம் ஊரும் சுதந்திரபுரமும் தேவிபுரமும் இருந்தன. அதை நம்பிச் சனங்கள் வந்து குவிந்தார்கள். பாடசாலையில் தற்காலிக வைத்தியசாலை இயங்கியது. அதன் மீதும் எறிகணைகள் விழுந்தன. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011 இல் தந்த அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. பரந்தன்-முல்லைத்தீவு வீதியில் இன்று பஸ்சில் போகிறவருக்கு இதைச் சொல்ல ஒரு கல்லும் கிடையாது. கடைகள், வாழைத் தோட்டம், சைக்கிளில் ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள், குளத்து நீர் பாயும் வயல். இப்படி வாழ்வு திரும்பியது நல்ல விடயம். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆனால் அடையாளங்கள் இருக்கின்றன. தலையில்லாத பனைகளில் சில இன்னும் நிற்கின்றன. மரக்காலைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்: இந்தப் பக்கத்து முதிரையையோ பாலையையோ அறுக்கும்போது வாள் இரும்பில் பட்டுத் தெறிக்கும். மரம் சன்னத்தை உள்ளே வைத்து, மேலே பட்டை மூடி வளர்ந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிணறு இறைக்கும்போது கிடைத்த பித்தளைக் கோதுகளை ஒரு தகரப் பேணியில் போட்டு வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. பதுங்குகுழி இருந்த இடத்தில் தென்னை வைத்தவர் அந்தத் தென்னைக்கு மட்டும் தனியாகத் தண்ணீர் விடுகிறார். ஏனென்று நான் கேட்கவில்லை.

பெரிய கோபுரங்களைக் கட்டப் பணமும் அதிகாரமும் வேண்டும். அவை நம்மிடம் இல்லை. கற்சிலைமடுவின் சனங்களிடமும் இருக்கவில்லை. அவர்களிடம் இருந்தது ஒரு பெயர், ஒரு நாள், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வழக்கம். இரண்டு நூற்றாண்டுக்கு அது தாங்கியது. 2009 இல் இங்கே இறந்தவர்கள் பலரின் பெயரும் நாளும் இன்று அவர்களின் தாய் தகப்பன் வாயில் மட்டும்தான் இருக்கின்றன. அந்தத் தாய் தகப்பன்மாருக்கு வயது போகிறது. எனக்கு இரவில் நித்திரையைக் கெடுப்பது இதுதான்.

அதனால் இந்த இதழிலிருந்து ஒரு பகுதியைத் தொடங்குகிறோம். உங்கள் ஊரில் நினைவுக்காக நிற்கிற எதைப் பற்றியும் எழுதி அனுப்புங்கள். ஒல்லாந்தர் காலத்துக் கல்லாக இருக்கலாம், மரமாக இருக்கலாம், மூடிய கிணறாக இருக்கலாம். அது எந்த இடம், வைத்தது யார், இப்போது விளக்கேற்றுவது யார் என்பதை முதலில் எழுதுங்கள். கேட்டதையும் கண்டதையும் பிரித்து எழுதுங்கள். பண்டாரவன்னியனின் எட்டு ஆண்டை மறந்துவிடாதீர்கள். எந்தப் பக்கத்தவர் என்று பார்த்து நாங்கள் ஒதுக்கமாட்டோம். தெற்கிலிருந்து சிப்பாயாக வந்து இங்கே இறந்த ஒரு பிள்ளையின் தாய் எழுதினாலும் மொழிபெயர்த்துப் போடுவோம்.

வீட்டாரின் சம்மதமில்லாமல் ஒருவர் பெயரையும் அச்சிடமாட்டோம். படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம். பலருக்கு அந்த ஒரு படம்தான் மிச்சம் என்பது எங்களுக்குத் தெரியும். எழுத்து ஓடாதவர்கள் வாயால் சொல்லுங்கள்; உயர்தரம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வந்து இருந்து கேட்டு எழுத ஆயத்தமாக இருக்கிறார்கள். ஒரே நாளில் சொல்லி முடிக்க வேண்டியதில்லை. இன்றைக்குப் போதும் பிள்ளை என்று நீங்கள் சொன்னால் எழுந்து போய் வேறொரு நாள் வருவார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்